சின்னக் கால்களின் மலைக் கணக்கு

கொல்லிமலையில் அரப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். காலை நேரத்தில் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் அந்தப் படிகளில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்துக் குதித்து இறங்குவார்கள். கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே படி எண்ணுவார்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். 'மெதுவாப் போ சாமி, வழுக்கும்' என்று கத்திக் கத்திப் பின்னால் வரும் அம்மாவுக்குத் தொண்டை வறண்டுபோகும். உச்சி வெயில் சாய்ந்த பிறகு அதே படிகளில் காட்சி மாறிவிடும். ஈரத் தலையும் நடுங்கும் உதடுமாகப் பத்துப் படிக்கு ஒரு தரம் பிள்ளை உட்கார்ந்துவிடும். 'அப்பா, தூக்கிக்கோங்கப்பா.' 'இன்னுங் கொஞ்சந்தான் கண்ணு, வந்துருச்சு.' வந்திருக்காது, பாதிகூட ஆகியிருக்காது.

பிள்ளை அடம்பிடிக்கவில்லை. அந்தப் பாதையின் அமைப்பே அப்படி. தெம்பு நிறைய இருக்கும் காலையில் இறக்கம், தெம்பெல்லாம் தீர்ந்து வயிறு காய்ந்து உடம்பு நனைந்திருக்கும் பிற்பகலில் ஏற்றம். இறங்கும்போது பிள்ளைக்கு மூச்சு வாங்காது. அதனால் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அதற்கும் தெரியாது, கூட வருபவர்களுக்கும் தெரியாது. கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போகிற வழியும் இதே ரகம்தான்: வேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவில் இறங்கிப் போய், திரும்பும்போது ஏற வேண்டும். போதாக்குறைக்கு அது முடிகிற இடம் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. கையை உதறிக்கொண்டு ஓடுகிற வயதில் இருக்கும் பிள்ளையை அங்கே கூட்டிப் போகக் கூடாது என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை.

பிள்ளையோடு மலையேறுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பழனியில் 693 படி, திருத்தணியில் 365 படி, அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. மொட்டை போட, காது குத்த, நேர்ந்துகொண்டதைச் செலுத்த என்று கைக்குழந்தையோடு மலையேறாத வீடு குறைவு. கோயில் மலை பிள்ளைகளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும். ஏற்றம் முதலில் வந்துவிடுகிறது. களைத்த பிறகு மிச்சமிருப்பது இறக்கம்தான். நடுநடுவே மண்டபம், நிழல், குழாய்த் தண்ணீர், வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பாட்டி. முடியவே முடியாது என்றால் பழனியில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான பேர் நடந்துகொண்டே இருப்பார்கள்.

காட்டு மலையில் இவற்றில் ஒன்றும் கிடையாது. எங்கே உட்காருவது, எப்போது தின்னக் கொடுப்பது, எந்த இடத்தில் திரும்புவது என்று கோயில் படிக்கட்டு தானே பார்த்துக்கொண்ட காரியங்கள் எல்லாம் பெற்றோர் தலையில் வந்து விழுகின்றன. அவற்றை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நாள் நன்றாகப் போகிறது. மலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் படியில் உட்கார்ந்து 'வந்துருச்சு, வந்துருச்சு' என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கணக்கு, நடை தொடங்குவதற்கு முன்பே, மலைச்சாலையில் தொடங்கிவிடுகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. பயண வாந்தி இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம்; இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருக்கும் பிள்ளைகளைத்தான் அது அதிகம் படுத்தும். விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பி, பால் கொடுத்து, காரில் பின் சீட்டில் படுக்கவைத்து, கையில் செல்ஃபோனையும் கொடுத்து வளைவுகளில் ஏற்றினால் பாதி வழியில் பிள்ளை குடித்ததை எல்லாம் கக்கிவிடும். வெறும் வயிறும் வெளுத்த முகமுமாக மேலே வந்து இறங்கும் பிள்ளையை அப்படியே நடக்கச் சொல்வது கொடுமை. முடிந்தவர்கள் முந்தின நாளே மேலே போய்த் தங்கி மறுநாள் காலையில் நடப்பது நல்லது. முடியாதவர்கள், வளைவு தொடங்குவதற்கு முன் லேசாக ஏதாவது கொடுத்து, செல்ஃபோனை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையின் கண் சாலையைப் பார்க்கும்படி உட்காரவைக்கலாம். வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரை சிலருக்குத் தூக்கத்தை வரவழைக்கும். டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிட்டு, நடக்கும்போது பிள்ளை தள்ளாடுகிறதே என்று திகைப்பதில் பயனில்லை.

அடுத்தது நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கை மலை நடப்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 3 கிலோமீட்டர் தூரத்தில் 200 மீட்டர் ஏறும் பாதையை இந்தக் கணக்குப்படி ஒரு பெரியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். நாலு வயதுப் பிள்ளையோடு போகிறவர் அதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கால் சின்னது என்பது மட்டும் காரணமல்ல. பிள்ளை நேராக நடப்பதே இல்லை. பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்துகொண்டிருக்கும். பத்தடி முன்னே ஓடும், ஐந்தடி திரும்பி வரும்.

நிற்கவும் நிற்கும். மழை ஓய்ந்த காலத்தில் சோலைக்காட்டுப் பாதையில் ஒரு மரவட்டை குறுக்கே போனால் போதும், அங்கே கால் மணி நேரம். பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். முதலில் தொடப் பயம். அப்பா ஒரு குச்சியால் தொட்டதும் அது சில்லறைக் காசு போலச் சுருண்டுகொள்ளும். பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலைப் பக்கம் மெல்ல அவிழும், மீசை இரண்டும் துழாவும், கால்கள் அலையலையாக நகரத் தொடங்கும். 'மறுபடியும்ப்பா!' இன்னொரு தரம் சுருளும். அந்த இடத்தில் 'வா வா, நேரமாச்சு' என்று கையைப் பிடித்து இழுப்பது பெரிய நஷ்டம். இதைப் பார்ப்பதற்குத்தானே இவ்வளவு தூரம் கூட்டி வந்தது? இரண்டரை மணி நேரம் ஒதுக்கியவரால் அந்தக் கால் மணி நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க முடிகிறது. ஒரு மணி நேரக் கணக்கோடு வந்தவரால் முடிவதில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சிடுசிடுக்கிறார், பிள்ளைக்கு மலை என்றாலே திட்டு வாங்கும் இடம் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

ஆனால் நேரத்தைத் தாராளமாகக் கொடுப்பதற்கு ஒரு எல்லைக் கோடு வேண்டும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அந்த நேரம் வந்ததும், எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தால் பத்து மணிக்குத் திரும்புவது என்று வைத்துக்கொள்ளலாம். நம் மலைகளில் இதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடுகிறது. திறந்த புல்வெளியில் மின்னலுக்கு நடுவே பிள்ளையோடு நிற்பதைவிட மோசமான நிலைமை மலையில் குறைவு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் முன்னால் பத்தடிகூடத் தெரியாது. பொழுது சாய்ந்தால் யானைகளும் காட்டு மாடுகளும் நடமாடத் தொடங்கும்.

நார்வே நாட்டில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவை தெரியும். காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பது அவற்றில் ஒன்று. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் உயிரிழந்த பிறகு அந்த நாட்டில் இந்த விதிகள் வீடு வீடாகப் பரவின. பனிமலைக்காகச் சொன்னதுதான் என்றாலும், சிறு பிள்ளையோடு போகிற யாருக்கும் எந்த மலையிலும் இது பொருந்தும். உச்சியைத் தொட வேண்டும் என்ற ஆசை பிள்ளைக்குக் கிடையாது. அது அப்பாவின் ஆசை, அல்லது அங்கிருந்து ஃபோட்டோ அனுப்ப வேண்டும் என்று நினைக்கும் சித்தப்பாவின் ஆசை.

தூக்கிக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா நடையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆறு மாதம் ஆகித் தலை நன்றாக நின்று, தானாக உட்காரும் குழந்தையை முதுகில் சுமக்கச் சட்டம் வைத்த பைகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை குழந்தை, பை, தண்ணீர், மாற்றுத்துணி எல்லாம் சேர்த்து 20 முதல் 22 கிலோ வரைதான் தாங்கும். நாலு வயதுப் பிள்ளை தனியாகவே 15, 16 கிலோ இருக்கும். பை இல்லாதவர்கள் உப்பு மூட்டை தூக்குவார்கள். சம தரையில் சரி. தோள்மேல் உட்காரவைப்பது மட்டும் காட்டுப் பாதைக்கு ஆகாது. மேலே தொங்கும் கிளை பிள்ளையின் கண் மட்டத்தில் வரும். அப்பாவின் கால் ஒரு தரம் சறுக்கினால் பிள்ளை ஆறடி உயரத்திலிருந்து விழும். சரிவில் இறங்கும்போது களைத்த தொடை நடுங்குவது பெரியவர்களுக்கும் உண்டு.

தூக்கிக்கொண்டு போகும்போது இன்னொன்று நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்தால், கீழே 30 டிகிரி இருக்கும்போது மேலே 18 டிகிரிதான். சுமை தூக்கி ஏறும் அப்பாவுக்கு அந்தக் குளிர் தெரியாது. சட்டை வியர்வையில் நனைந்து ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருப்பார். அவர் முதுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கோ காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளைகளுக்கு உடம்பின் மேற்பரப்பு அதிகம். அதனால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள், வெயிலில் சீக்கிரம் சூடேறவும் செய்வார்கள். தன் உடம்பை வைத்துப் பிள்ளையின் குளிரை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பிடரியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். காலுறைக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

அழுகிற பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்க வேண்டியது திடீரென்று அமைதியாகிவிட்ட பிள்ளையை. இதுவரை கேள்வி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது பேச்சை நிறுத்துகிறது, கொடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது, தட்டையான இடத்தில்கூடக் கால் தடுக்குகிறது என்றால், ஒன்று குளிர், அல்லது பசி, அல்லது உடம்பில் நீர் இல்லை. நின்று, ஈரத்துணியை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கவைத்து, வந்த வழியே திரும்ப வேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் காய வெகு நேரமாகும். ஒரு செட் மாற்றுத்துணியும் இரண்டு ஜோடி சாக்ஸும் பையில் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

தின்பண்டத்துக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கடலை மிட்டாய், வாழைப்பழம், பொடி தடவிய இட்லி, சுருட்டிய சப்பாத்தி. பசிக்கிறது என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காமல் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வாய் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒன்று மட்டும்: குரங்கு இருக்கிற இடத்தில் பிள்ளை கையில் தின்பண்டத்தைக் கொடுத்து நடக்கவிடக் கூடாது. குரங்குக்குப் பெரியவர்களைவிடப் பிள்ளையிடம் பயம் குறைவு. பிடுங்கும்போது நகம் பட்டுவிட்டாலே ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவதே சரி.

எங்கே போவது என்பதில் இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிந்து பணம் கட்டினால் வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் எளிய பாதைகளில் மட்டும் போகலாம். ஊட்டியில் கெய்ர்ன் ஹில்லும் கோத்தகிரியில் லாங்வுட் சோலையும் அந்த எளிய வரிசையில் வருபவை. புல் காய்ந்து கிடக்கும் தீக்காலத்தில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். பள்ளி லீவு விடுவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறில் போய்வந்துவிடலாம் என்று மாசி, பங்குனியில் திட்டமிடும் குடும்பங்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வயதுக்கு அந்த எளிய பாதைகள்கூட அதிகமாக இருக்கலாம். 1872-இல் போடப்பட்ட கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் மலை, காலடியில் மேகம். அங்கே சொந்தக் காலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்த பிள்ளை அடுத்த ஆண்டு சோலைக்குள் நடக்கும். வெள்ளியங்கிரியின் ஏழு மலைக்கு ஆறு வயதுப் பிள்ளையை அழைத்துப் போய்ப் பெருமைப்பட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வழிகாட்டியோடு போனாலும் சில விஷயங்கள் பெற்றோர் கையில்தான் இருக்கின்றன. காட்டுப் பாதையில் பிள்ளை எப்போதும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நடக்க வேண்டும். முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. திருமலை நடைபாதையில் 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கும் படிக்கட்டு அது. அதற்குப் பிறகு பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறு பிள்ளைகளை அந்த வழியில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் முடிவெடுத்தது. சிறுத்தைக்குக் குனிந்து உட்கார்ந்திருக்கும் உருவமும் தனியாகப் பின்தங்கும் உருவமும் இரையாகத் தெரியும். பிள்ளை சிறுநீர் கழிக்கப் புதர் ஓரம் உட்காரும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

ஓடையும் அப்படித்தான். மேலே எங்கோ பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து இறங்கும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் ஒரு பள்ளி மாணவனின் உயிரை அப்படித்தான் திடீர் வெள்ளம் கொண்டுபோனது. தண்ணீர் நிறம் மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் ஒரு நொடிகூட யோசிக்காமல் பிள்ளையோடு கரை ஏற வேண்டும்.

தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அபசகுனம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பாலமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள், நாலாம் நாள் அவன் உடல்தான் கிடைத்தது. அந்தத் தேடலில் இருந்தவர்கள் மனம் பொறுக்காமல் ஒரு பாடத்தை உருவாக்கிப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனார்கள். வழி தெரியவில்லை என்றால் நடக்காதே, பக்கத்தில் இருக்கும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு என்பதுதான் அதன் சாரம். பயந்த பிள்ளை நிற்காமல் ஓடும், தேடுகிறவர்கள் தேடி முடித்த இடத்துக்குள்ளேயே போய்ச் சேரும். மரம் அதை ஓரிடத்தில் நிறுத்துகிறது. தைரியத்தையும் கொஞ்சம் கொடுக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். போகும் வழியிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம்: 'அம்மா காணோம்னா பாப்பா என்ன பண்ணணும்?' 'மரத்தைக் கட்டிக்கணும்!' 'அப்புறம்?' கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து மூன்று தரம் ஊதிக் காட்டும். சபரிமலைக்குப் போகும் சிறு பிள்ளைகளுக்குப் பம்பையில் போலீசார் பெயரும் ஃபோன் எண்ணும் உள்ள பட்டையைக் கையில் கட்டிவிடுகிறார்கள். அதை நாமும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு துண்டு ரிப்பனும் அழியாத மையும் போதும்.

அட்டைக்குப் பயந்து மழைக்காலச் சோலைப் பக்கமே போகாத வீடுகள் உண்டு. அட்டை கடித்தால் வலிக்காது. ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் சேர்த்துக் கடிப்பதால், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வழியும். வழியும் ரத்தத்தைப் பார்த்துத்தான் பிள்ளை அலறுகிறது. நெருப்பு வைக்கவோ பிய்த்து இழுக்கவோ வேண்டாம். விரல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தோலோடு தோலாக நெம்பினால் விட்டுவிடும். பிறகு கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் ஆயிற்று. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸில் உப்பு தேய்த்துவிட்டு, நடையின் நடுவே 'உனக்கு எத்தனை ஏறியிருக்கு, எனக்கு எத்தனை ஏறியிருக்கு பார்ப்போம்' என்று இருவரும் சேர்ந்து தேடினால் அருவருப்பு போய்விடும். அம்மா முகத்தைச் சுளித்தால் பிள்ளையும் சுளிக்கும்.

நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாகப் பூத்தது, அடுத்தது 2030. கடைசிப் பூப்பைத் தொட்டிலில் இருந்தே தவறவிட்ட பிள்ளைக்கு அடுத்த பூப்பின்போது பன்னிரண்டு வயது இருக்கும், எந்தப் புல்வெளிக்கும் தானே நடக்கும். அதற்குள் அந்தப் பிள்ளைக்குச் சோலை எது, புல்வெளி எது, பைன் மரக்காடு பின்னால் வந்து நட்டது என்பதெல்லாம் காலாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு நடை போதும் அதற்கு. பாடப் புத்தகத்தில் மூன்று வரியில் வரும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பிள்ளை இந்த விதத்தில் அறிந்துகொள்வதைவிட நல்ல வழி வேறு என்ன இருக்கிறது?

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குளிப்பாட்டும்போது பிள்ளையின் காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்தின இடம், தலைமுடிக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டிருந்த துணி முழுவதையும் அன்றைக்கே வெந்நீரில் துவைத்துவிட வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணி கடித்தால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இது அபூர்வமான நோயல்ல. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும், அதற்குள் மலைக்குப் போனதே மறந்துபோயிருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும். பெரும்பாலும் துணி மறைக்கும் இடத்தில். காலத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், மூளை வரை போய்விடும். அதனால் நடைக்குப் பிந்திய மூன்று வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்காவிட்டாலும், எந்த மலைக்கு எந்தத் தேதியில் போனோம் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.